வெளிச்சமும் மறைவும் பொருந்திய எளிய கிராம வீடு

கிராமத்தில் புதிதாய் வீடு கட்டுவோர் கொத்தனிடம் முதலிற் கேட்பது சுவரின் உறுதியைப் பற்றியும் செலவைப் பற்றியுமேயாம். வெளிச்சத்தைப் பற்றிக் கேட்போர் மிகச் சிலரே. குடிபுகுந்த பின்னரே, பட்டப்பகலிலும் விளக்கின்றிச் சமைக்க இயலாதென்பதும், தெருப்பக்கத்து ஜன்னலைத் திறந்தால் வழிப்போக்கரின் பார்வை நேரே உள்ளே விழுகின்றதென்பதும் தெரிய வருகின்றன. அப்பொழுது வீட்டார் செய்வது ஒன்றே. ஜன்னற் கதவைச் சாத்தித் தாழிடுகின்றனர். அல்லது பழைய சேலையையோ சாக்கையோ அதன் குறுக்கே கட்டுகின்றனர். மறைவு கிடைத்துவிடுகின்றது, வெளிச்சமும் காற்றும் அன்றோடு ஒழிகின்றன.

இந்த நஷ்டம் வீட்டிலுள்ளோர் அனைவருக்கும் ஒரே அளவினதன்று. வயலுக்கும் கடைக்கும் செல்வோர் பகலெல்லாம் வெளியில் வெளிச்சத்தில் இருக்கின்றனர். இருட்டறையிற் காலங்கழிப்போர் சமைக்கும் பெண்டிரும், கைக்குழந்தைகளும், முதியோரும், நோயாளிகளுமே. காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் என்னும் ஜெர்மானிய வைத்தியர் 1882-ஆம் ஆண்டிற் கண்டறிந்து வெளியிட்டார். அக்கிருமி நேர் வெயிலில் விரைவில் மடியும். இருண்டு காற்றோட்டமற்ற இடத்திலோ நெடுநேரம் உயிரோடிருக்கும். விறகு, வரட்டி முதலியவற்றின் புகை வீட்டினுள்ளே தங்குவதால் 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் மாண்டனரென்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டுள்ளது. நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டு முதல் ஏழைக் குடும்பங்களுக்கு எரிவாயு இணைப்பு வழங்கப்பட்டு வந்தபோதிலும், எரிவாயுவோடு விறகையும் எரிக்கும் வீடுகள் கிராமங்களில் இல்லாமற் போகவில்லை. ஆகவே அடைபட்ட ஜன்னல் அழகைப் பற்றிய விஷயமன்று, ஆரோக்கியத்தைப் பற்றியது.

மறைவை விரும்புவது குற்றமாகாது. தன் வீட்டினுள் பிறர் நோக்கின்றி உடுத்தவும், உண்ணவும், குழந்தைக்குப் பாலூட்டவும், அயர்ந்து உறங்கவும் விரும்புதல் எல்லோர்க்கும் இயல்பு. ஆகையால் "ஜன்னலைத் திறந்து வையுங்கள்" என்று உபதேசிப்பதனால் மட்டும் பயன் விளையாது. பஞ்சாப் மாகாணத்துக் குர்காவ்ன் ஜில்லாவில் 1920-ஆம் ஆண்டு முதல் சில வருஷங்கள் டிப்டி கமிஷனராயிருந்த எப். எல். பிரெயின் என்பவர், கிராம வீடுகளுக்கு ஜன்னல் வைக்கவேண்டுமென்று விடாது வற்புறுத்தி வந்தார். அவர் மாற்றலாகிச் சென்ற பின்னர் அவருடைய ஏற்பாடுகளிற் பல நிலைபெறவில்லை. வீட்டிலுள்ள பெண்ணின் மனம் ஒப்பாத ஜன்னல் எத்தனை பெரிதாயிருப்பினும் ஜன்னலாகாது. மூடவேண்டிய அவசியமே நேராதபடி ஜன்னலை அமைப்பதொன்றே நிலையான வழி. அதற்கு வேண்டுவது மிகுந்த பணமன்று. இடமும் உயரமும் அறிந்து வைக்கும் யோசனையே.

1. பழைய வீட்டின் முறை

நம் முன்னோர் கட்டிய ஓட்டு வீடுகளில் இவ்விரண்டும் பொருந்தியே இருந்தன. தெருவை அடுத்துத் திண்ணை, அதற்கப்பால் ஒடுங்கிய நடை அல்லது ரேழி, பின்னர் முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும், அதனையடுத்துக் கூடமும் உள்ளறைகளும், கடைசியிற் கொல்லை. அயலார் திண்ணையோடு நிற்பர். அறிந்தவர் தாழ்வாரம் வரையில் வருவர். உறவினர் கூடத்தில் அமர்வர். இங்ஙனம் மறைவு படிப்படியாய் அமைந்திருந்ததால், கதவுகளையெல்லாம் அடைத்து வைக்க வேண்டிய அவசியமில்லாதிருந்தது. வெளிச்சமோ தெருவழியாக அன்றி முற்றத்தின் வழியாக மேலிருந்து வந்தது. வானத்தை நோக்கித் திறந்த இடத்தில் வெளிச்சம் உண்டு. வேடிக்கை பார்ப்போர் இல்லை.

பின்னர் மனைகள் சிறுத்தன. முற்றத்தை "வீண் இடம்" என்று நீக்கி, நான்கு சுவரும் ஒரு தளமுமாய்ப் பெட்டி போன்ற வீடுகள் கட்டும் வழக்கம் பரவியது. முற்றம் போனபின், வெளிச்சம் வர எஞ்சிய வழி தெருப்பக்கத்து ஜன்னல் ஒன்றே. அதுவே மறைவைக் கெடுப்பதுமாயிற்று. ஆகவே சிறிய வீட்டுக்கும் முற்றத்தின் பயனை எவ்வாறு மீட்பது என்பதே நாம் ஆராய வேண்டிய கேள்வி.

2. சூரியன் செல்லும் வழி

ஜன்னல் வைக்குமுன் சூரியனின் வழியை அறிதல் வேண்டும். திருச்சிராப்பள்ளியை உதாரணமாய்க் கொள்வோம். அங்கே ஏப்ரல் மாத நடுவிலும் ஆகஸ்டு மாதப் பிற்பகுதியிலும் உச்சிவேளையிற் சூரியன் நேர் தலைக்குமேல் நிற்கின்றது. ஜூன் மாதத்தில் உச்சிச் சூரியன் சற்று வடக்கே சாய்ந்தும், டிசம்பர் மாதத்தில் நன்கு தெற்கே தாழ்ந்தும் செல்கின்றது. தாழ்ந்து செல்லும் அந்த டிசம்பர் மாதத்தில்கூடத் தெற்குச் சுவருக்கு 2 அடி நீளும் இறவாரம் இருந்தால், உச்சிவேளையில் ஏறக்குறைய 3 அடி உயரத்துக்கு நிழல் விழும். வடக்குச் சுவருக்கு ஜூன் மாதத்து உச்சியில் அதே இறவாரம் சுவர் முழுவதற்கும் நிழல் தரும்.

காலையிலும் மாலையிலும் வரும் வெயிலோ தாழ்ந்து படுத்து வருவதால் எந்த இறவாரத்துக்கும் அடங்காது. காலை வெயில் இதமானது. படுக்கையையும் ஈரத்தையும் உலர்த்துவது. மாலை வெயிலோ பகலெல்லாம் சூடேறிய வீட்டை மேலும் சுடுவது. ஆகவே பெரிய ஜன்னல்கள் வடக்கிலும் தெற்கிலும் இருத்தல் நலம். கிழக்கில் அளவாய் இருக்கலாம். மேற்கில் திறப்பு வேண்டுமாயின் தாழ்வாரத்தின் நிழலிலேயே இருத்தல் வேண்டும். கூசாத நிழல் வெளிச்சமே வேலைக்கு உகந்தது. வெயிலை உள்ளே விடுவதே வெளிச்சமென்று எண்ணலாகாது.

3. ஜன்னல் எவ்வளவு, எந்த உயரத்தில்

இந்திய தேசியக் கட்டட நெறி முதன்முதல் 1970-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டுப் பின்னர்ப் பலமுறை திருத்தப்பட்டது. அதன் 2005-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, வாசற்கதவுகளைச் சேர்க்காமல், அறையின் தரைப்பரப்பில் ஜன்னற் பரப்பு வறண்ட உஷ்ணப் பிரதேசத்திற் பத்தில் ஒரு பங்குக்கும், ஈரமான உஷ்ணப் பிரதேசத்தில் ஆறில் ஒரு பங்குக்கும் குறையலாகாது. சமையலறைக்கு இன்னும் காற்பங்கு கூட்டுதல் வேண்டும். 10 அடிக்கு 9 அடியான அறை 90 சதுர அடி. அதற்கு வறண்ட உள்நாட்டில் 9 சதுர அடியும், கடலோரத்தில் 15 சதுர அடியும் ஜன்னல் வேண்டும்.

பரப்பைவிட முக்கியமானது உயரம். ஜன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம் வரையில் உபயோகமான வெளிச்சம் அறைக்குள் செல்லும். மேல்விளிம்பு 5 அடியில் இருந்தால் 10 அடி தூரம். 7 அடியில் இருந்தால் 14 அடி தூரம். ஆகவே ஒரே பரப்புள்ள இரண்டு ஜன்னல்களில், தாழ்ந்து நிற்பதைக் காட்டிலும் உயர்ந்து படுத்திருப்பதே அறையின் உட்புறத்துக்கு அதிக வெளிச்சம் தரும்.

அதே உயர்ந்த ஜன்னல்தான் மறைவையும் தருகின்றது. தெருவில் நடப்பவரின் கண் நிலத்திலிருந்து ஏறக்குறைய 5 அடி உயரத்தில் உள்ளது. வீட்டின் தரை தெருவைவிட 2 அடி உயர்ந்திருந்தால், அவர் கண் நம் தரைக்கு 3 அடி மேலேதான் இருக்கும். ஜன்னலின் கீழ்விளிம்பை நம் தரையிலிருந்து 4½ அடி உயரத்தில் வைப்போமாயின், அவர் பார்வை மேல்நோக்கியே சென்றாக வேண்டும். சுவருக்கு 5 அடி தூரத்தில் நிற்பவர், உள்ளே 5 அடி தள்ளி 6 அடி உயரத்துக்கு மேற்பட்டதையே காண்பர். உட்கார்ந்திருப்போரும் படுத்திருப்போரும் அவர் கண்ணிற் படார். மேற்சுவரும் கூரையுமே படும்.

இக்கணக்குச் செல்வதற்குத் தரை உயர்ந்திருத்தல் அவசியம். தெருவுக்கு மேன்மேலும் சாலை போடுவதால் நாளடைவில் தெரு உயர்ந்து வீடு தாழ்ந்துபோவது எங்கும் காணும் காட்சி. ஆதலின் கடைக்கால் போடும்பொழுதே தரையைப் போதிய அளவு உயர்த்திக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே தரையும் தெருவும் சமமாயுள்ள வீடுகளில் கீழ்விளிம்பை 5½ அடிக்கு உயர்த்துக.

கூடத்தில் அமர்ந்தபடி வெளியே பார்க்கவும் காற்று வாங்கவும் தாழ்ந்த ஜன்னலும் வேண்டுமே என்பர். அதைத் தெருப்பக்கத்தில் வைக்காமல் உள்வாசற் பக்கத்தில் வைக்கவேண்டும். தெருப்பக்கத்திலேயே வைக்க நேர்ந்தால், நம் தச்சர்கள் முற்காலத்திற் செய்தபடி மேலிரண்டு, கீழிரண்டாக நான்கு கதவுகள் கொண்ட ஜன்னலை அமைக்கலாம். கீழ்க்கதவுகளைச் சாத்தி மேற்கதவுகளைத் திறந்து வைத்தால், மறைவும் வெளிச்சமும் ஒருங்கே கிடைக்கும்.

4. ஜாலிச் சுவர்

1917-ஆம் ஆண்டில் இங்கிலாந்திற் பிறந்து, திருவனந்தபுரத்தில் நெடுங்காலம் வாழ்ந்து, 2007-ஆம் ஆண்டிற் காலஞ்சென்ற லாரி பேக்கர் என்னும் கட்டடக் கலைஞர், ஏழை எளியோர்க்கான சிக்கன வீடுகளில் ஜன்னலுக்குப் பதிலாகச் செங்கல் ஜாலியைப் பெரிதும் கையாண்டார். திருவனந்தபுரத்து வளர்ச்சி ஆராய்ச்சி நிலையத்தின் கட்டடங்களிலும் இதனைக் காணலாம். செங்கற்களுக்கிடையே ஒழுங்கான இடைவெளி விட்டு அடுக்கிக் கட்டுவதே ஜாலி. மரச்சட்டமும், இரும்புக் கம்பியும், கண்ணாடியும் வேண்டியதில்லை. காற்று எப்பொழுதும் வரும், திருடன் வரமுடியாது.

ஜாலி மறைவைத் தருவது எங்ஙனமெனில், துவாரம் குறுகியும் ஆழ்ந்தும் இருப்பதனாலேயாம். 4½ அங்குலக் கனமுள்ள சுவரில் 2 அங்குல அகலத் துவாரம் இருந்தால், நேர் எதிரிலிருந்து இருபுறமும் ஏறக்குறைய 24 டிகிரிக்கு அப்பாற்பட்ட சாய்வில் நிற்பவருக்கு உள்ளே ஒன்றும் தெரியாது. 9 அங்குலக் கனமானால் அவ்வளவு இன்னும் பாதியாய்க் குறையும். அன்றியும், பகலில் வெளியே பிரகாசமும் உள்ளே நிழலும் இருப்பதால், வெளியிலிருப்போர் கண்ணுக்கு உட்புறம் இருளாய்த் தோன்றும். உள்ளிருப்போருக்கோ தெரு நன்கு தெரியும்.

இரவில் இது தலைகீழாகும் என்பதை மறத்தலாகாது. உள்ளே விளக்கெரிய வெளியே இருட்டாயிருந்தால், ஜாலிக்கு எதிரே நிற்பவர் உள்ளே காணக்கூடும். ஆகவே படுக்கையறையில் 4½ அடிக்குக் கீழே ஜாலி வைத்தால் உட்புறம் ஒரு பலகைக் கதவோ கனத்த திரையோ அவசியம். மழைச்சாரல் மிகுந்த பக்கத்தில் இறவாரத்தின் கீழேயே ஜாலி இருக்கவேண்டும். கொசுத் தொல்லை உள்ள ஊர்களில் உட்புறம் கொசுவலைக் கம்பியை அடித்துக்கொள்ளலாம்.

5. கூரையும் சுவரும் தரும் வெளிச்சம்

ஓட்டுக் கூரைக்கு நடுநடுவே ஒன்றிரண்டு கண்ணாடி ஓடுகளைப் பதித்தால், மறைவு சிறிதும் கெடாமல் அறையின் நடுவிலே வெளிச்சம் விழும். வடபுறச் சரிவிற் பதித்தால் உஷ்ணம் குறைவு. புகையும் தூசியும் படிந்து மங்கிவிடுமாதலால் வருஷத்துக்கிருமுறையேனும் துடைக்கவேண்டும். கான்கிரீட் தளமுள்ள வீட்டில் சுவரின் தலைப்பில், தளத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு அடி உயரமுள்ள நீண்ட திறப்பு வைப்பது இதே பலனைத் தரும்.

உள்ளே வந்த வெளிச்சத்தைப் பெருக்குவது சுண்ணாம்பு. புதிதாய் வெள்ளையடித்த சுவர் தன்மேற் படும் ஒளியிற் பெரும்பகுதியைத் திருப்பியனுப்பும். கரிபடிந்த மண்சுவர் அதை விழுங்கிவிடும். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரையும், கூரையின் அடிப்புறத்தையும், ஜன்னலுக்கு வெளியே நிற்கும் மதிலின் உட்புறத்தையும் வெள்ளையடித்தால் இருண்ட அறையும் தெளியும். செலவு மிகக் குறைந்த முறை இதுவே.

6. ஒரு மாதிரி வீடு

தமிழ்நாட்டில் 2011-ஆம் ஆண்டிற் தொடங்கப்பெற்ற பசுமை வீடுகள் திட்டத்தில் வீடு 300 சதுர அடியாயிருந்தது. மத்திய அரசாங்கத்தின் 2016-ஆம் ஆண்டுக் கிராம வீட்டுத் திட்டம் குறைந்த அளவாக 25 சதுர மீட்டர், அதாவது சுமார் 269 சதுர அடி, விதித்தது. ஏறக்குறைய இவ்வளவிலேயே ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். சுவரின் கனம் நீங்கலாகக் கூடம் 14 அடிக்கு 10 அடி. அறை 10 அடிக்கு 9 அடி. சமையலறை 8 அடிக்கு 7 அடி. ஆக 286 சதுர அடி.

இம்மூன்றையும் பெட்டி போல் ஒன்றாய் அடைக்காமல், கொத்தனின் மூலைமட்டம் போன்ற வடிவில் வைக்கவேண்டும். தெரு கிழக்கில் இருப்பதாகக் கொண்டால், கூடம் தெருவை ஒட்டித் தெற்கு வடக்காய் நிற்கும். அதன் பின்புறம் வடபாகத்தில் அறையும், அதற்கும் பின்னே சமையலறையும் ஒரே வரிசையிற் செல்லும். தென்மேற்கில் எஞ்சும் வெளி நமக்கு உள்வாசலாகும். அதற்குக் கிழக்கே கூடமும் வடக்கே அறையும் சமையலறையும் அரணாக, தெற்கிலும் மேற்கிலும் 6 அடி மதில் எழுப்பினால், நான்கு புறமும் மறைந்த முற்றம் கிடைத்துவிடும்.

இனி ஜன்னல்கள். தெருப்பக்கத்தில் முன்வாசலும், இறவாரத்தின் கீழே உயர்ந்த நீண்ட ஜன்னலும் மட்டும் போதும். பெரிய தாழ்ந்த ஜன்னல்களெல்லாம் உள்வாசலை நோக்குக. அவற்றை இரவும் பகலும் திறந்து வைக்கலாம். காற்று ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளியேற வேண்டுமாதலால், அறைக்கும் சமையலறைக்கும் வடக்குச் சுவரில் ஓர் உயர்ந்த திறப்பும் அவசியம். அதற்காக வடபுறத்தில் 3 அடியேனும் இடம் விடுக. கூடத்தின் மேற்குச் சுவர் உள்வாசலை நோக்கி மாலை வெயிலை ஏற்குமாதலால், அப்பக்கத்தில் 4 அடித் தாழ்வாரம் இறக்குக. அரிசி புடைக்கவும், காய் நறுக்கவும், குழந்தைகள் பாடம் படிக்கவும் அத்தாழ்வாரமே வீட்டின் சிறந்த இடமாய் அமையும்.

தெருவாசலும் உள்வாசற் கதவும் நேருக்கு நேராய் இருந்தால், தெருவில் நிற்பவர் கொல்லை வரையில் காண்பர். ஒன்றைத் தெற்கே 3 அடி ஒதுக்கி வைத்தாலே இது தீரும். இடம் ஒதுக்க இயலாவிடில், வாசலுக்கு உட்புறம் 5 அடி உயரமுள்ள ஜாலித் தடுப்பு ஒன்று போதும். அடுத்த வீட்டு மாடியிலிருந்து பார்வை விழுமாயின், உள்வாசலின்மேல் அவரைப் பந்தலோ புடலைப் பந்தலோ போடுக. நிழலும் காயும் மறைவும் சேர்ந்து கிட்டும்.

7. சமையலறையும் குளிக்குமிடமும்

சமையலறையில் அடுப்புக்கு நேர்மேலே புகைபோக்கியும், அடுப்புக்குப் பக்கவாட்டில் வெளிச்சமும் இருத்தல் வேண்டும். ஜன்னல் சமைப்பவரின் முதுகுக்குப் பின்னே இருந்தால் அவர் நிழலே பாத்திரத்தில் விழும். 56 சதுர அடிச் சமையலறைக்கு உள்நாட்டில் 7 சதுர அடியும், கடலோரத்திற் சுமார் 12 சதுர அடியும் திறப்பு வேண்டும். இதிற் பாதியை உள்வாசற் பக்கத்து ஜன்னலாகவும், பாதியை எதிர்ச்சுவரில் உயர்ந்த ஜாலியாகவும் வைத்தால் புகை தங்காது.

குளிக்குமிடத்தை இருட்டறையாக்குவது வழக்கமாகிவிட்டது. இருட்டில் வழுக்கி விழுவோர் முதியோரே. சுவர்களை 6½ அடி வரையில் இடைவெளியின்றி எழுப்பி, அதற்குமேல் கூரை வரையில் ஜாலியாக விட்டால் முழு மறைவும் முழு வெளிச்சமும் கிடைக்கும்; தரையும் விரைவில் உலரும்.

8. சில ஆட்சேபங்கள்

முற்றம் வைத்தால் மழைநீர் தேங்குமென்பர். வாட்டத்தோடு தளமிட்டு ஒரு மூலையில் வடிகால் வைத்தால் தேங்காது. தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டில் மழைநீர்ச் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. முற்றத்து நீரையே அதற்குச் செலுத்தலாம். அடுப்பு அக்கினி மூலையில் இருக்கவேண்டுமென்போர், இதே வடிவைத் தம் மனைக்கேற்பத் திருப்பி அமைத்துக்கொள்ளலாம். உள்வாசலை நோக்கிப் பெரிய ஜன்னல், தெருவை நோக்கி உயர்ந்த ஜன்னல் என்னும் விதி மாறாதிருத்தலே முக்கியம். மதிலுக்குச் செலவாகுமே என்போருக்குச் சொல்ல வேண்டியது, பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு முறையைப் பற்றியது. செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் இம்முறையிற் சுமார் காற்பங்குச் செங்கல் மிச்சமாகும்; வெற்றிடம் உஷ்ணத்தையும் தடுக்கும். வீட்டுச் சுவரில் மிச்சமானது மதிலுக்கு உதவும். ஆயினும் இதில் பழகிய கொத்தனைக் கொண்டே கட்டவேண்டும்.

9. கட்டுமுன்னும் கட்டிய பின்னும்

வீட்டுத் திட்டத்தைத் தரையிற் சுண்ணாம்புக் கோட்டால் வரைந்து, அதில் நாள்தோறும் வேலை செய்யப்போகும் பெண்களை நிறுத்தி, எந்த இடத்தில் எந்தப் பார்வை விழுமென்பதை அவர்களே சொல்லக் கேட்டு, அதன் பிறகே ஜன்னல்களின் இடத்தை முடிவு செய்க. சுவர் எழும்பியபின் இடிப்பதைவிடக் கோட்டை அழிப்பது எளிது.

கட்டிய வீட்டை இரண்டு சோதனைகளால் அறியலாம். முதலாவது, நண்பகலில் தெருக்கதவைச் சாத்தி, விளக்கேற்றாமல், ஒவ்வோர் அறையின் இருண்ட மூலையிலும் அமர்ந்து செய்தித்தாள் படித்துப் பார்க்க வேண்டும். இரண்டாவது, பகலில் ஒருமுறையும் விளக்கேற்றிய பின் ஒருமுறையும் தெருவில் நின்று வீட்டை நோக்க வேண்டும். எழுத்துத் தெரிந்து, உள்ளிருப்போர் தெரியாவிடில் வீடு நல்ல வீடு. ஏற்கெனவே கட்டிய வீடு இச்சோதனையில் தவறினாலும் கவலையுற வேண்டுவதில்லை. கட்டடத்தின் பாரத்துக்குக் கேடில்லாத இடத்தைத் தேர்ந்த கொத்தனைக் கொண்டு அறிந்து, ஒரு சுவரின் தலைப்பில் உயர்ந்த திறப்பு ஒன்றை வைத்து, எதிர்ச்சுவரை வெள்ளையடிப்பதிலிருந்தே தொடங்கலாம். அடுத்த அறுவடைக்குள் அவ்வளவேனும் செய்துகொள்வோர் வீட்டில், ஜன்னலுக்குக் குறுக்கே கட்டிய சேலையை அவிழ்க்கப் பெண்களே முன்வருவர்.